தெல்தெனியவிலிருந்து ஒரு வாசகர்

யாழ்ப்பாணத்து ஆட்கள் காலையில் தேத்தண்ணீர் குடிக்க முதலே மரண அறிவித்தல் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். செத்தது யார், எந்த ஊர், யாருடைய மருமகன், யாருக்குச் சகலன் என்று அறியாமல் எங்களுக்குப் பொழுது விடியாது. கலியாண வீட்டுக்குச் சொல்லியும் போகாமல் விடலாம்; செத்த வீட்டுக்குச் சொல்லாவிட்டாலும் போக வேண்டும். சனம் கனடா, நோர்வே என்று சிதறிப் போன பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் சிதறவில்லை. அதை நம்பித்தான் நான் என் இணையத்தளத்தைத் தொடங்கினேன்.

கதிரையை இந்தப் பக்கம் இழுத்துப் போடுங்கள், பிள்ளை. அந்த யன்னலால் வெயில் முகத்தில் அடிக்கும். ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் கட்டுகலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் பூசை முடிந்துதான் வருவார். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அவருடைய மகன் தயாபரன் 2008ஆம் ஆண்டு எப்படிப் பிடிபட்டான் என்பதுதான் உங்கள் கேள்வி. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிப்பது உங்கள் வேலை, கேட்கத்தான் வேண்டும். நேரே பதில் சொன்னால் ஒரு வசனத்தில் முடியும். ஆனால் ஒரு வசனத்தில் சொன்னால் நீங்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

என் பெயர் நவரட்ணராஜா என்பது உங்களுக்குத் தெரியும். அரசாங்கத்தில் படவரைஞராக இருந்தேன். கண்டிக்கு மாற்றலாகி வந்து, இந்த வீட்டை வாங்கி, இங்கேயே ஓய்வும் பெற்றேன். என் மனைவி பத்மாதேவி மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடாவுக்குப் போனவள். ஆறு மாதத்தில் வருவதாகத்தான் போனாள். பேரனுக்குப் பல் முளைக்கட்டும் என்றாள். பிறகு அவன் பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். பிறகு மகளுக்கு அடுத்தது வயிற்றில் என்றாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டு போனவளைச் சமாதானம் சொல்லிக் கூப்பிடலாம். கோபமே இல்லாமல் போனவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பாள். முதலில் நேரம் போவது தெரியாமல் கதைத்தோம். பழகப் பழகப் பாலும் புளிக்கும்தானே. கடைசியில் அது "மருந்து போட்டீங்களோ, அங்க மழையோ" என்ற அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக நான் வானொலியைப் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவேன். குளித்துவிட்டு வரும்போது யாரோ வந்து காத்திருப்பது போல இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் தளத்தைத் தொடங்கினேன். நானே படித்து, நானே கட்டினேன். வாசிக்கிறவர்களைத் தளம் நடத்துகிறவனுக்குத் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் எந்தப் பட்டினத்திலிருந்து திறந்தீர்கள், எதைத் தேடி வந்தீர்கள், எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், பிறகு எங்கே போனீர்கள் என்பதெல்லாம் என்னிடம் வந்து சேரும். உங்கள் கணினியில் ஒரு சின்ன அடையாளத்தையும் போட்டுவிடுவேன். ஊரில் மாட்டுக்குக் குறி சுடுவார்களே, அதுபோல. குறி சுட்ட மாடு எந்தத் தரவையில் மேய்ந்தாலும் இன்னாருடைய மாடு என்று தெரியும். மாட்டுக்கு நோகும், இது நோகாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு மூலையில் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஒஸ்லோவில் ஒருவர் ஒவ்வொரு நாளும் வந்து ஒரே ஒரு பெண்ணின் அறிவித்தலைத் திறப்பார். அதில் எழுதப்பட்ட சொந்தக்காரர் வரிசையில் ஒஸ்லோவில் யாரும் இல்லை. யார் அவர், அவளுக்கு என்ன முறை என்று நான் கேட்டதில்லை. வந்தால் எனக்கு ஒரு நிம்மதி. ஒருநாள் வராவிட்டால் காய்ச்சலோ என்று யோசிப்பேன். பத்மாதேவியின் கணினிக்கும் குறி போட்டிருந்தேன். காலையில் வருவாள், தன்னுடைய ஊர் அறிவித்தல்களில் ஒரு ஓட்டம் ஓடுவாள், போய்விடுவாள். என்னுடைய படமும் தொலைபேசி எண்ணும் உள்ள பக்கம் ஒன்று இருந்தது. அதற்கு அவள் ஒருநாளும் வரவில்லை.

மங்களேஸ்வரி ரீச்சர் 2006இல் கண் சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்கு வந்தவர். கண்ணில் கட்டு அவிழ்க்க முதல் யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. என் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார். புருஷன் கந்தையா முதலே காலமாகிவிட்டார். ஒரே மகன் தயாபரன், கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை. சனிக்கிழமை வருவான், ஞாயிறு போவான். கந்தையாவின் ஆண்டு நினைவஞ்சலியை என் தளத்தில் போட்டுக் கொடுத்தேன். அயலவருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு நாள் என் கணினிக்குப் பின்னால் வந்து நின்று, தளத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று நான் காட்டியதைப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"இவ்வளவு விபரம் ஏன் சேர்க்கிறியள், அங்கிள்?" என்றான். "வாசிக்கிற ஆக்களுக்கு இது தெரியுமே?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போகினம்? நான் பாக்கிறதால ஆருக்கு என்ன குறை?"

"தனிய இருக்கிறம் எண்டு நினைச்சுத்தான் ஒராள் வாசிக்கும். பின்னால ஒருத்தர் நிக்கிறார் எண்டு தெரிஞ்சால் அழக்கூட மாட்டாது."

நான் சிரித்துவிட்டு விட்டேன். பத்திரிகையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கட்டுரை தெரியும். ஆனால் நான் எதையெல்லாம் பார்க்க முடியும் என்பதை அவன் அன்றைக்கு வடிவாக விளங்கிக்கொண்டான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

2008 தொடக்கத்தில் அவனோடு வேலை செய்த இருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சனிக்கிழமை தயாபரன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தொலைபேசியும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. ஒரு கிழமை கழித்து சீருடை இல்லாமல், நீளக்காற்சட்டை போட்ட மூன்று பேர் இங்கே வந்தார்கள். ஒருவர் நல்ல தமிழ் பேசினார். நீங்கள் இருக்கிற கதிரையில்தான் இருந்தார். மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவன் வந்தால் அறிவிக்கும்படி எனக்கு ஒரு எண்ணைச் சொன்னார். நான் எழுதி வைக்கவில்லை. எண்கள் எனக்கு மறப்பதில்லை.

அன்றிலிருந்து ரீச்சருக்குப் பின்னறையில் தனியே இருக்கப் பயம். பொழுது சாய்ந்ததும் முன் ஹோலுக்கு வந்துவிடுவார். நான் கணினியில் இருப்பேன், அவர் அந்த மூலையில் இருந்து அரிசியில் கல் பொறுக்குவார். இரண்டு அடுப்பு ஏன் என்று ஒரே குசினியில் சமைக்கத் தொடங்கினார். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைப்பார். "அண்ணை, ஆறப் போகுது, வாங்கோ" என்று கூப்பிடுவார். பிள்ளை, தப்பாக நினைக்க வேண்டாம். என் மனதில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஆறப் போகுது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது, அவ்வளவுதான். மகன் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று ஒரு தாய் துடித்த மாதங்கள் அவை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்களும் அவைதான். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. நான் என்ன செய்ய?

அந்த வருடம் ஆடி மாதமளவில் கந்தையாவின் பக்கத்தை யாரோ திறந்தார்கள். அது பழைய பக்கம், யாரும் பார்ப்பதில்லை. அடுத்த ஞாயிறும் திறந்தார்கள். எங்கிருந்து என்று பார்த்தேன். என் குறி ஏற்கெனவே போடப்பட்ட கணினி. தெல்தெனியவில் ஹுஸைன் நானாவின் இன்டர்நெட் கடை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மரண வீடு நடந்தால் அவர்தான் விபரம் எடுத்துத் தட்டச்சுச் செய்து எனக்கு அனுப்புகிற முகவர்.

புகையிரத நிலையத்துக்குக் கிட்டவுள்ள குட்செட் பஸ் நிலையத்தில் ஏறி, முகவரைப் பார்க்கப் போகிற சாட்டில் தெல்தெனியவுக்குப் போனேன்.

"அந்தத் தம்பியா?" என்றார் ஹுஸைன் நானா. "ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பக்கம் புள்ளயளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறாராம், ஐயா. ஞாயித்துக்கெழம சாமான் வாங்க எறங்கினா இங்க வந்துட்டுத்தான் போவாரு. யாரோடயும் பேச்சில்ல. ஒரு போட்டோவப் பாத்துட்டே இருப்பாரு. நல்ல புள்ள."

நான் எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் இருந்து பார்த்தேன். தாடி வளர்த்திருந்தான். மெலிந்திருந்தான். கையில் மரக்கறிப் பை. பெற்ற தாயிடமிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் அவ்வளவு மாதமும் இருந்திருக்கிறான். எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அவன் தாயோடு பேசவில்லை; பேசினால் பிடிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கத்தான் செய்தான். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன், அப்பாவின் முகத்தைப் பார்க்க வருகிறான் என்று. பிறகு கவனித்தேன். கந்தையாவின் பக்கத்தைத் திறப்பான். உடனே என்னுடைய படமுள்ள பக்கத்தைத் திறப்பான். திரும்பக் கந்தையா, திரும்ப நான். மாறி மாறி, கதவு தட்டுகிற மாதிரி. யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லுங்கோ அங்கிள், நான் உயிரோட இருக்கிறன் என்று அவன் எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். என் தளம் தொடங்கிய நாளிலிருந்து என்னைத் தேடி வந்த ஒரே வாசகன் அவன்தான்.

சொல்லத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்குத்தான் ரீச்சருக்குத் திருச்சியிலிருந்து தமையன் தொலைபேசி எடுத்திருந்தார். அங்கே வந்துவிடும்படியும் எல்லா ஒழுங்கும் தான் செய்வதாகவும் சொன்னாராம்.

"நான் எப்பிடி அண்ணை போறது?" என்றார் ரீச்சர், பிட்டுக்கு மாவைக் குழைத்துக்கொண்டு. "அவன் இருக்கிறான் எண்டு ஒரு சொல்லு வந்தால் போதும். அவனையும் கூட்டிக்கொண்டு அடுத்த நாளே போயிடுவன். இந்த நாட்டில இனி எனக்கு என்ன கிடக்கு?"

இந்த நாட்டில் இனி எனக்கு என்ன கிடக்கு என்று, என் குசினியில் நின்று, என் கோப்பையில் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு கேட்டார். அவர் மேல் பிழையில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பதில்லை. நான் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தேன். சொல்லவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். விடத்தான் நினைத்தேன். ஞாயிறு தோறும் அவன் வருவான், நான் பார்ப்பேன், ரீச்சர் காத்திருப்பார்; மூன்று பேருக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஐப்பசியில் ஹுஸைன் நானா வேறு அலுவலாகத் தொலைபேசி எடுத்தபோது சொன்னார்: "அந்தத் தம்பி கேட்டாரு ஐயா, ஒங்கட வீட்டுப் பக்கம் செக்கிங் எல்லாம் எப்பிடி எண்டு. கண்டிக்கு ஒருக்கா வரணுமாம்."

வந்தால் தாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அது நிச்சயம். இன்னொன்றையும் நான் யோசித்தேன். கண்டியில் அப்போது சந்திக்குச் சந்தி அடையாள அட்டை பார்த்தார்கள். வழியில் தெரியாத யாரிடமாவது மாட்டினால் அவன் கதி என்ன? அதைவிட, எனக்கு அறிமுகமான, மரியாதையாகப் பேசுகிற ஆட்களிடம் போனால் விசாரித்துவிட்டு எங்கேயாவது வைத்திருப்பார்கள். எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும். நான் அந்த எண்ணை எடுத்துப் பேசினேன். எனக்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது. ஹுஸைன் நானாவின் கடைக்கு யாரும் போகக் கூடாது. பிள்ளைகுட்டிக்காரர், சம்பந்தமில்லாத ஒருவரைச் சிக்கலில் மாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள். தயாபரனைக் கண்டிக்கு, தாங்கள் சொல்கிற நாளில் வரவைக்க வேண்டும் என்றார்கள். அது என்னால் முடியும் என்றேன்.

தளத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பக்கத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காட்ட வேண்டும் என்றில்லை. குறிப்பிட்ட கடையிலிருந்து வருகிறவருக்கு மட்டும் வேறு விதமாகக் காட்டலாம். பெரிய நிறுவனங்கள் சாமான் விற்க இதைத்தான் செய்கின்றன. கனடாவில் இருந்து கந்தையாவின் பக்கத்தைத் திறந்தால் பழைய நினைவஞ்சலிதான் வரும். தெல்தெனியவில் அந்தக் கடையிலிருந்து திறந்தால், அதற்கு மேலே புதிதாக ஒரு அறிவித்தலும் வரும்.

சனிக்கிழமை காலை அதை எழுதினேன். ஆயிரக்கணக்கில் எழுதிப் பழகிய கை. ஆனால் ஒழுங்காக எழுத வேண்டும் என்றால் பெற்றோர் பெயர் வேண்டும். குசினிக்குப் போனேன். ரீச்சர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், உங்கட அய்யா அம்மாட பேர் என்ன?"

"வைத்திலிங்கம், நாகம்மா. ஏன் அண்ணை?"

"சும்மா. தளத்தில ஒரு சின்ன வேலை."

அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் கண்டியை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி மங்களேஸ்வரி கந்தையா சனிக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற வைத்திலிங்கம், நாகம்மா தம்பதியரின் அன்பு மகளும், காலஞ்சென்ற கந்தையாவின் அன்பு மனைவியும், தயாபரனின் பாசமிகு தாயாரும் ஆவார். ஈமக்கிரியைகள் திங்கட்கிழமை நடைபெற்று, பூதவுடல் தகனத்துக்காக மஹியாவை மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். தீபாவளியன்று நான் எடுத்த படத்தைப் போட்டேன். நல்லாக இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதோ என்று இரண்டு தரம் வாசித்தேன். அதற்குள் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிட்டு அவித்து, ரீச்சர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

அவன் வந்து இதைப் பார்ப்பானா என்ற கேள்வியே எனக்கு இருக்கவில்லை. பார்த்துவிட்டு வராமல் இருப்பானா என்ற கேள்வியும் இருக்கவில்லை. பத்திரிகைக்காரன், கணினி தெரிந்தவன், ஒன்பது மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவன். எல்லாம் சரி. ஆனால் ஒரே மகன். தாய்க்குக் கொள்ளி வைக்க அவனை விட்டால் ஆள் இல்லை. சாவுக்குப் பயந்து ஒளித்திருக்கிற எங்கள் பிள்ளையும் கொள்ளிக்கு வெளியே வரும். வீட்டுத் தொலைபேசி வயரை மட்டும் அன்றைக்குக் கழற்றி வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் அவன் பக்கத்தைத் திறந்தது என் திரையில் தெரிந்தது. அப்படியே நின்றது. என் பக்கத்துக்குப் போகவில்லை, வேறு எங்கேயும் போகவில்லை. பிறகு அணைந்தது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு குட்செட்டுக்கு நடந்தேன். வர வேண்டாம் என்றுதான் அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை துக்கத்தோடு வந்து இறங்கும்போது தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

தெல்தெனிய பஸ் வந்தது. தாடியை வழித்திருந்தான். அளவுக்கு மீறிய பெரிய வெள்ளைச் சேட். அது ஹுஸைன் நானாவினுடையது என்று இன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாயின் செத்த வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதவனுக்குத் தன் சேட்டைக் கழற்றிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டதாக அவர் உங்களிடம் சொன்னாராம். தாய் உயிரோடு இருப்பது அவருக்கு இத்தனை வருடமும் தெரியாது. நீங்கள் இங்கே வந்து ரீச்சரைக் கண்டதும் உங்கள் முகம் மாறியதை நான் கவனித்தேன். கெட்டிக்காரி நீங்கள்.

என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்தான்.

"அங்கிள், அம்மா கடைசியா ஏதும் சொன்னவவோ?"

"உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவ" என்றேன்.

அது பொய்யில்லை. காலையில்கூடக் கேட்டார். அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவர்களுக்கு அது ஒரு அடையாளமாகவும் போய்விட்டது. வெள்ளை வான் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: "அங்கிள், நீங்கள் நில்லாதேங்கோ, ஓடுங்கோ. அம்மாட கிரியையை நீங்கள் செய்து விடுங்கோ." என்னையும் பிடித்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறான். நல்ல வளர்ப்பு.

வீட்டுக்கு வந்து அறிவித்தலை அழித்தேன். தொலைபேசி வயரைச் செருகினேன். ரீச்சர் பயற்றங்காய்க் கறி வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணுக்கு எடுத்து, பிள்ளையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்படி ஒருவரும் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. நான் ஏமாற்றப்பட்டேன் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடிந்த நாளில் வெளியே வெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாற்சோறு கொண்டு வந்தார். நன்றி சொல்லி வாங்கினேன். ரீச்சர் யன்னலைச் சாத்திவிட்டு அந்த மூலையில் இருந்தார். அடுத்த மாதம் தமையன் பயண ஒழுங்கெல்லாம் செய்துவிட்டார். ரீச்சர் பெட்டி அடுக்கத் தொடங்கினார். சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைப்பதை வாசலில் நின்று பார்த்தேன். அப்போதுதான் சொன்னேன்: "ரீச்சர், கந்தையா ஐயாட பக்கத்தை ஞாயிற்றுக்கிழமையில ஆரோ திறக்கினம். இந்த நாட்டுக்குள்ள இருந்துதான்."

கையில் இருந்த சேலையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் திரும்ப அலுமாரியில் வைத்தார். எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. அதனால் அந்த ஞாயிறிலிருந்து நானே போய்த் திறக்கிறேன். ஒரு கிழமை பேராதனை, ஒரு கிழமை கட்டுகஸ்தோட்டை, மழையென்றால் பக்கத்துச் சந்தி. இப்போது கைத்தொலைபேசி இருப்பதால் சுலபம். வந்ததும் வாசலிலேயே கேட்பார், "இண்டைக்கும் பாத்தவனே?" ஓம் என்பேன். முகம் மலரும். அதற்குப் பிறகுதான் இருவரும் சாப்பிடுவோம்.

அவரைக் கூட்டிக்கொண்டு நான் ஏறாத அலுவலகம் இல்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். நான் குடை பிடிப்பேன். கனடாவில் இருந்து பத்மாதேவி இதைச் செய்வாளா? திருச்சித் தமையன் செய்வாரா? தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது. போன மார்ச்சில் கலவரம் வந்தபோது தெல்தெனியவில் ஹுஸைன் நானாவின் கடையையும் எரித்துவிட்டார்கள். போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னேன். கணினிகள் எல்லாம் உருகிக் கிடந்தன. மனிதர் அப்படி இருக்கக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஓம், நான்தான். தயாபரனைக் கூப்பிட்டதும் நான், கொடுத்ததும் நான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ வைக்கிறேன். என்னைக் கொண்டு போவதென்றாலும் ஆட்சேபனை இல்லை. ரீச்சருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, பிள்ளை. இந்த வீட்டை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பத்து வருடமாக ஒரு பொழுதாவது அவர் தனியே இருந்து சாப்பிட்டதில்லை. தனிமை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நான் தெரியவிடவில்லை.